பதினொன்றாம் வகுப்பில் அமெரிக்க இலக்கியம்: சுருக்கம் படித்தால் போதாதா?

ஆகஸ்ட் 27, 2023 (ஒரு வாசகரின் கேள்வி)

பையன் நியூஜெர்சியில் 11-ஆம் வகுப்புக்குப் போகிறான். இந்த வருட ஆங்கில வகுப்பு முழுக்க அமெரிக்க இலக்கியமாம். பட்டியலைப் பார்த்தேன். 1741-இல் ஒரு பாதிரியார் செய்த பிரசங்கம், 1850-இல் வந்த நாவல், சூனியக்காரி வழக்கு நாடகம், குளக்கரையில் குடிசை போட்டு வாழ்ந்தவர் கதை. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கப் போகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு? கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வே அடுத்த மார்ச்சிலிருந்து இங்கே கணினிக்கு மாறுகிறது; ஆறேழு வரிப் பத்தி, அதற்கு ஒரு கேள்வி, அவ்வளவுதான். சுருக்கம் இணையத்தில் கிடைக்கிறது. அதைப் படித்துவிட்டு மிச்ச நேரத்தில் கணக்குப் போட்டால் போதாதா?

ஆகஸ்ட் 28, 2023

போதும். சாட்சி நானே.

மதுரையில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தேன். மூன்றாம் வருடம் ‘அமெரிக்கன் லிட்டரேச்சர்’ என்று ஒரு தாள். நத்தேனியல் ஹாதார்னின் ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ பாடத்தில் இருந்தது. அந்த நாவலை நான் கையால்கூடத் தொட்டதில்லை. புதுமண்டபத்துக் கடையில் ஐந்து பேர் காசு போட்டு ஒரு கைடு வாங்கினோம். என் முறை வரும்போது அட்டை கிழிந்திருந்தது. ‘நாவலில் குறியீடுகள்’ என்று 15 மார்க் கேள்வி வரும். நான்கு பக்கப் பதில், முழுக்க மனப்பாடம். 62 மார்க். கோனார் நோட்ஸ் துணையில் பத்தாவது தாண்டிய கூட்டம் நாங்கள், கைடு துணையில் டிகிரியும் தாண்டினோம்.

என் பையனும் இந்த வருடம் 11-தான். அவனுக்கும் இதையே சொல்லப் போகிறேன்.

ஆகஸ்ட் 28, இரவு

சொன்னேன். “அப்போ அந்த புக் எப்படி இருந்துச்சும்மா?” என்று கேட்டான். பதில் இல்லை. வாய் தவறி, இந்த வருடம் உன்னோடு சேர்ந்து நானும் படிக்கிறேன் என்று சொல்லித் தொலைத்துவிட்டேன்.

செப்டம்பர் 19, 2023

முதல் பாடமே நரகம். ஜோனதன் எட்வர்ட்ஸ் 1741 ஜூலையில் கனெக்டிகட்டின் என்ஃபீல்டில் செய்த பிரசங்கம். அடுப்புக்கு மேல் ஒரு சிலந்தியைத் தூக்கிப் பிடிப்பதுபோல் கடவுள் உன்னை நரகக் குழிக்கு மேல் பிடித்திருக்கிறார், கையை விட்டால் போச்சு, இதுவரை விடாததற்கு அவர் விருப்பம் ஒன்றுதான் காரணம் என்கிறார். கேட்டவர்கள் அழுது அரற்றியதில் அவர் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. சத்தம் போடாமல், சாதாரணக் குரலில் படித்தாராம். அது இன்னும் பயம்.

பையன் சமையலறையில் நின்று இதைச் சத்தமாக வாசித்தான். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். முடித்ததும், “இவர் ‘நீ’ன்னு எத்தனை தடவை சொல்றார் பாருங்க” என்றான். எண்ணச் சொல்லியிருந்தார்களாம். தொடக்கத்தில் பழைய இஸ்ரவேலர்களைப் பற்றி ஏதோ தூரத்துக் கதை போலப் பேசுகிறார், பாதிக்கு மேல் ஒவ்வொரு வாக்கியமும் எதிரில் உட்கார்ந்திருப்பவனைச் சட்டையைப் பிடித்து இழுக்கிறது. இது கைடில் இருந்திருந்தால் ‘ஆசிரியரின் நடை எளிமையானது, வலிமையானது’ என்று ஒரு வரியோடு முடிந்திருக்கும்.

இன்னொன்று. இந்த எட்வர்ட்ஸ் படித்தது யேல் கல்லூரியில். அதை நிறுவிய எலிஹு யேல் நம் சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்தவர். வட்டம் சின்னது.

செப்டம்பர் 20, 2023

திருத்தம். அந்தக் கல்லூரியை எலிஹு யேல் நிறுவவில்லை. கல்லூரி முன்பே இருந்தது. 1718-இல் அவர் மூட்டை மூட்டையாகச் சரக்கும் நானூற்றுச் சொச்சம் புத்தகமும் கொடுத்தார், பெயரை வைத்துக்கொண்டார்கள். சென்னையில் கவர்னராக இருந்தது 1687 முதல் 1692 வரை, அது சரி. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. அந்த எரிச்சல் தேவையில்லை.

அக்டோபர் 8, 2023

‘ஸ்கார்லெட் லெட்டர்’ நாவல் வந்துவிட்டது. ‘கஸ்டம் ஹவுஸ்’ என்ற நீளமான முன்னுரையை வகுப்பில் தாண்டிவிட்டார்கள். நான் வீம்புக்குப் படித்தேன். மூன்று நாள் ஆனது. சேலம் துறைமுகச் சுங்க அலுவலகத்தில் ஹாதார்னுக்கு வேலை. ஆட்சி மாறியதும் 1849-இல் வேலை போய்விட்டது. கூட இருந்த கிழட்டு அதிகாரிகளை எல்லாம் வரிசையாக வைத்துக் கிண்டல் செய்கிறார். அரசு அலுவலகத்தில் மதியத் தூக்கம் போடுகிறவர்களைப் பார்த்த எவரும் ரசிக்கலாம்.

ஆனால் நான் எழுத வந்தது ‘அன்னோடேஷன்’ பற்றி. எங்கள் காலத்தில் அது தேர்வில் ஒரு பகுதி. நாலு வரி கொடுப்பார்கள். இது எந்த நூல், யார் யாரிடம் சொன்னது, சூழல் என்ன என்று எழுத வேண்டும். நூலைப் படிக்காமலே எழுதலாம், ஏனென்றால் எந்த நாலு வரி வரும் என்று கைடு சொல்லிவிடும். இங்கே அதே சொல்லுக்குப் பொருள் வேறு. புத்தக ஓரத்தில் கிறுக்க வேண்டும். பையன் புத்தகம் முழுக்க மஞ்சள் ஒட்டுத்தாள். ஒன்றில் ‘இவங்க ஏன் இவ்ளோ கோபமா இருக்காங்க?’ என்று எழுதியிருந்தான். எந்த இடம் என்று பார்த்தேன். நாயகி ஹெஸ்டர் கைக்குழந்தையோடு சிறையிலிருந்து வெளியே வரக் காத்திருக்கும் கூட்டம். கள்ள உறவில் குழந்தை பெற்றதற்குத் தண்டனையாக ‘ஏ’ என்ற எழுத்தை அவள் உடையில் குத்திக்கொள்ள வேண்டும். ஆண்களைவிடப் பெண்கள்தான் கொதிக்கிறார்கள். துணியில் எழுத்தைக் குத்தினால் போதாது, நெற்றியில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போட்டிருக்க வேண்டும் என்கிறாள் ஒருத்தி. ஒரு இளம் தாய் மட்டும், விடுங்கள், அந்த வலி எப்போதும் அவள் நெஞ்சில் இருக்கும் என்கிறாள்.

எங்கள் தெருக் குழாயடியில் நின்று இதே பேச்சை நான் கேட்டிருக்கிறேன். ஆள் மட்டும் வேறு. கைடில் இந்தப் பெண்கள் கிடையாது. இருந்திருந்தால் எனக்கு நினைவிருக்கும்.

அக்டோபர் 9, 2023

வீட்டுக்காரரிடம் கதை சொல்லும்போது “சேலத்தில் நடக்குது” என்றேன். பையன் மாடியிலிருந்து கத்தினான்: பாஸ்டன்! ஹாதார்ன் சேலத்துக்காரர், கதை பாஸ்டனில். இங்கே யாரும் அந்தத் தப்பைச் செய்துவிடாதீர்கள். வீட்டுக்காரர் அதுவரை நம் சேலம் என்றே நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது தனிக் கதை.

அக்டோபர் 24, 2023

முதல் கட்டுரை திரும்பி வந்தது. 100-க்கு 74. பையன் எழுதியிருந்தது: ‘ஹெஸ்டர் மிகவும் தைரியமானவள்.’ பக்கத்தில் ஆசிரியை பென்சிலால் இரண்டே சொல்: “எந்த வரியில்?” மூன்று பக்கத்தில் ஆறு இடத்தில் அதே கேள்வி.

எனக்குக் கோபம் வந்தது. தைரியமானவள்தானே, இதில் என்ன சந்தேகம்? படித்த எல்லோருக்கும் தெரிந்ததற்கு வரி வேறா? அப்புறம் உட்கார்ந்து நானும் தேடினேன். இருவருக்கும் கிடைத்தது ஒரு நூல்வேலை. தண்டனையாகக் கொடுத்த எழுத்தை அவள் சிவப்புத் துணியில் தங்க ஜரிகை போட்டு, ஊரில் யாரும் உடுத்தாத அழகோடு தைத்துக்கொண்டு வருகிறாள். குத்தச் சொன்னதைக் குத்தினாள், ஆனால் தன் கைத்திறனைக் காட்டிக் குத்தினாள். அதைத் தைரியம் என்று சொல்வதா, திமிர் என்பதா, தொழில்காரியின் கௌரவம் என்பதா? மாடிப்படியில் உட்கார்ந்து அரை மணி நேரம் சண்டை. திருத்தி எழுதியதற்கு 86.

அந்த ‘ஏ’ எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் நான்கு பக்கப் பதிலில் மூன்று தலைப்பு இருந்தது: கள்ள உறவு, திறமை, தேவதை. எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே ஒப்பித்திருக்கிறேன். இப்போது பார்த்தால் அதெல்லாம் ஊர்க்காரர்கள் சொல்வது! அவள் நோயாளிகளுக்கு ஓடி ஓடி உதவியபிறகு, அது ‘ஏபிள்’ என்பதன் முதல் எழுத்து என்று ஊர் மாற்றிப் பேசுகிறது. ராத்திரி வானத்தில் எரிகல் போட்ட ‘ஏ’யை, கவர்னர் வின்த்ரோப் இறந்ததற்கான ‘ஏஞ்சல்’ என்கிறார் கோயில் ஊழியர். ஒரே எழுத்தை ஆளாளுக்கு ஒரு மாதிரி படிக்கிறார்கள், அதுதான் நாவலில் வேடிக்கை. கைடு அந்த ஆட்களை எல்லாம் தள்ளிவிட்டு, அர்த்தங்களை மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டுக் கொடுத்துவிட்டது.

நவம்பர் 16, 2023

ஆர்தர் மில்லரின் ‘தி குரூசிபிள்’, அந்தச் சூனியக்காரி வழக்கு நாடகம். வகுப்பில் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து வாசிக்கிறார்கள். பையனுக்கு ஜைல்ஸ் கோரி. 80 வயதுக் கிழவர், வம்பு வழக்குப் பிரியர். நிஜத்திலும் இருந்தவர்: 1692-இல் குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. பேச வைக்க நெஞ்சின்மேல் கல்லாக ஏற்றினார்கள். செத்துப்போனார். நாடகத்தில் அவர் கடைசியாகச் சொன்னது “இன்னும் எடை” என்பது. அந்த வசனத்துக்காகவே பையன் இந்தப் பாத்திரத்தைக் கேட்டு வாங்கினான். கடைசி அங்கம் வந்தபோதுதான் தெரிந்தது, ஜைல்ஸ் அதை மேடையில் சொல்வதே இல்லை. அவர் செத்த சேதியை, நாயகன் ப்ராக்டரின் மனைவி எலிசபெத் சொல்லும்போது அவள் வாயில் வருகிறது. எலிசபெத் வாசித்த பெண் அதை எந்த உணர்ச்சியும் இல்லாமல் கடந்து போனாளாம். ரெண்டு நாள் புலம்பினான்.

நானும் ஒன்று திருத்திக்கொண்டேன். சேலம் சூனியக்காரிகளை எரித்தார்கள் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். எரிக்கவில்லை. 19 பேரைத் தூக்கில் போட்டார்கள், ஆண்களும் அதில் உண்டு. விசாரித்தவர்களில் ஒருவர் ஜான் ஹாதோர்ன், நம் நாவலாசிரியரின் முப்பாட்டன் வழி.

மில்லர் வரலாற்றில் கை வைத்திருக்கிறார். ஊரார்மேல் பழி சொல்லும் பெண் அபிகெயிலுக்கு நிஜத்தில் 11 வயது, நாடகத்தில் 17. ப்ராக்டர் அறுபதைத் தொட்டவர், நாடகத்தில் முப்பதுகளில். அப்போதுதானே இருவருக்கும் இடையில் கள்ளத்தொடர்பு வைக்க முடியும்! நாடகம் வந்தது 1953. அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை உச்சத்தில் இருந்த நேரம். மூன்று வருடம் கழித்து மில்லரையே விசாரணைக் குழு கூப்பிட்டது. அவரும் மற்றவர்கள் பெயரைச் சொல்ல மறுத்தார். தான் எழுதிய நாடகத்தில் தானே மாட்டியது மாதிரி.

ஆனால் என் மனதில் ஒன்று உறுத்துகிறது. வீடு வீடாகப் பழி சொன்ன ஒரு ஊரின் பைத்தியத்துக்கு, காதலில் ஏமாந்த ஒரு பெண் போதுமான காரணமா? பையனிடம் சொன்னேன். அதையே கட்டுரையில் எழுதப் போகிறானாம். என் பெயரைப் போடமாட்டானாம்.

டிசம்பர் 3, 2023

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, “அப்போ சுருக்கம் வேண்டாம் என்கிறீர்களா, ஆகஸ்டில் வேறு சொன்னீர்களே?” என்கிறார். நியாயமான கேள்வி.

இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் முழுதாகப் படிக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். மஞ்சள் கறுப்புக் கோடு போட்ட கிளிஃப்ஸ்நோட்ஸ் 1958-இலேயே நெப்ராஸ்காவில் ஆரம்பித்துவிட்டது. கோனாருக்கு இங்கேயும் ஒன்றுவிட்ட தம்பி உண்டு. இப்போது எல்லாம் இணையத்தில், இலவசம். பையன் வகுப்பில் பாதிப் பேர் அதில்தான் ஓடுகிறார்கள். மாதம் ஒரு முறை ‘ரீடிங் செக்’ என்று சின்னப் பரீட்சை வைத்துப் பிடிக்கப் பார்க்கிறார்கள். சிறைக் கதவுக்குப் பக்கத்தில் என்ன செடி இருந்தது, இந்த மாதிரிக் கேள்வி. ரோஜா என்று சுருக்கத்திலும் போட்டிருக்கிறது. ஆகவே பிடிபடுவதும் இல்லை.

அதனால் உங்களுக்கு என் பதில்: மார்க்குக்குச் சுருக்கம் போதும், இப்போதும் அதே சாட்சியம்தான். மார்க்கைத் தவிர வேறு ஏதோ நடக்கிறது, அதற்கு இன்னும் எனக்குப் பெயர் வைக்கத் தெரியவில்லை.

ஜனவரி 15, 2024

இன்று பொங்கலும் மார்ட்டின் லூதர் கிங் விடுமுறையும் ஒரே நாளில். பொங்கல் பொங்கி முடித்து, தோரோவின் ‘வால்டன்’ எடுத்தோம். இந்தப் புத்தகத்தில் எனக்கு ஒரு புதையல் கிடைத்தது.

1845 ஜூலை 4-இல் தோரோ காங்கார்டு ஊருக்கு வெளியே குளக்கரைக் குடிசைக்குக் குடிபோகிறார். குடிசைக்கு ஆன செலவு 28 டாலர் 12½ சென்ட், கணக்கே எழுதி வைத்திருக்கிறார். 1846-47 குளிர்காலத்தில் நூறு ஆட்கள் வந்து, உறைந்த குளத்தைப் பாளம் பாளமாக அறுக்கிறார்கள். ஐஸ் வியாபாரம். அதைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறார்: வெயிலில் வாடும் சார்ல்ஸ்டன், நியூ ஆர்லியன்ஸ், மெட்ராஸ், பம்பாய், கல்கத்தா மக்கள் என் கிணற்றில் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று. மெட்ராஸ்! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. திருவல்லிக்கேணியில் என் பெரியம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ‘ஐஸ் ஹவுஸ் இறங்கு’ என்று கண்டக்டர் கத்துவார். பாஸ்டனின் ஃப்ரெடரிக் டியூடர் கப்பலில் மரத்தூள் சுற்றி அனுப்பிய ஐஸை வைக்க 1842-இல் கட்டிய கட்டிடம். இன்று விவேகானந்தர் இல்லம்.

காலையில் பகவத் கீதை படிக்கிறேன் என்றும், வால்டன் தண்ணீர் கங்கைத் தண்ணீரோடு கலக்கிறது என்றும் அதே பக்கத்தில் வருகிறது. இதையெல்லாம் பி.ஏ.வில் ஒரு ஆளும் சொல்லவில்லை. மெட்ராஸ் என்ற சொல் அமெரிக்க இலக்கியத் தாளில் இருந்தது, மதுரையில் எங்கள் வகுப்பு முழுவதும் தெரியாமலே அதைத் தாண்டிப் போனது. தோரோ குடிசை வாசலில் பார்த்த அந்த ஐஸ்தான் நம் கடற்கரையில் வந்து இறங்கியிருக்கிறது.

ஜனவரி 17, 2024

மேலே கடைசி வாக்கியத்தை அடித்துவிடுங்கள்.

அதைச் சாப்பாட்டு மேசையில் சொன்னேன். பையன் வாயில் சோறோடு, “எந்த வரியில்?” என்றான். ஆசிரியையின் பென்சில் என் வீட்டுக்கே வந்துவிட்டது. புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினேன். அவன் இரண்டு பக்கம் முன்னால் காட்டினான். அந்த வருடம் அறுத்த ஐஸைக் கரையில் குவித்து வைக்கோலும் பலகையும் போட்டு மூடினார்கள். ஜூலையில் பிரித்துக் கொஞ்சம் எடுத்துப் போனார்கள். மிச்சமெல்லாம் அங்கேயே கிடந்து 1848 செப்டம்பர் வரை உருகி, பெரும்பகுதி குளத்துக்கே திரும்பிவிட்டது. தோரோவே எழுதியிருக்கிறார். மெட்ராஸ் வரை போவது அவர் கற்பனை. ஐஸ் ஹவுஸுக்கு அமெரிக்க ஐஸ் வந்தது உண்மை. தோரோ வாசலில் பார்த்த பாளம் வந்தது என்று சொல்ல எந்த வரியும் இல்லை.

62 மார்க் வாங்கிய எனக்கு 16 வயதுப் பையன் கற்றுக்கொடுக்கிறான். வீட்டுக்காரருக்கு ஒரே சிரிப்பு.

ஜனவரி 18, 2024

தோரோ ஒன்றும் நிஜமாகத் தனியாக வாழவில்லை என்று எழுதியவர்களுக்கு: ஆமாம், தெரியும். தோரோ துணியை அவர் அம்மாதான் துவைத்தார் என்பது எல்லோரும் சொல்லும் கதை. குளத்திலிருந்து ஊருக்கு நடந்து போகும் தூரம்தான், விருந்துக்கும் போய்வந்தார். நிலமும் நண்பர் எமர்சனுடையது. துறவி என்று அவர் தன்னைச் சொல்லிக்கொள்ளவில்லையே.

பிப்ரவரி 21, 2024

வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. மார்க் ட்வெயினின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலில் கறுப்பர்களை இழிவுபடுத்தும் ஒரு சொல் இருநூறு தடவைக்கு மேல் வருகிறது. வகுப்பில் அந்தச் சொல்லை ஆசிரியையும் உட்பட யாரும் உச்சரிக்கமாட்டார்கள். முழு நாவல் கிடையாது, சில அத்தியாயங்கள் மட்டும். அதற்கு முன்னால் ஃப்ரெடரிக் டக்ளஸின் 1845 தன்வரலாறு முழுதாக. இந்த வரிசையை யார் போட்டார்களோ, கெட்டிக்காரர்கள்.

டக்ளஸ் அடிமையாக இருந்த சிறுவன். எஜமானி எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பிக்கிறாள். படித்தால் அடிமையாக இருக்க லாயக்கில்லாமல் போய்விடுவான் என்று கணவன் தடுத்துவிடுகிறான். தடுத்த அந்தப் பேச்சிலேயே படிப்பின் விலை அந்தச் சிறுவனுக்குத் தெரிந்துவிடுகிறது. அப்புறம் ஏதாவது வேலையாகக் கடைக்கு அனுப்பினால் கையில் புத்தகமும், வீட்டிலிருந்து ரொட்டியும் எடுத்துப் போகிறான். தெருவில் பசியோடு திரியும் ஏழை வெள்ளைப் பையன்களுக்கு ரொட்டியைக் கொடுத்து, பதிலுக்கு எழுத்து வாங்கிக்கொள்கிறான். ரொட்டிக்கு எழுத்து. கைடு வாங்க ஐந்தில் ஒரு பங்கு கொடுத்த என் காசு நினைவுக்கு வந்தது, வெட்கமாக இருந்தது.

வகுப்பில் கறுப்பினப் பிள்ளைகள் இரண்டு பேர். ஹக் ஃபின் நடத்திய நாட்களில் அவர்களில் ஒருவன் வாயே திறக்கவில்லை, எல்லோரும் ஓரக்கண்ணால் அவனையே பார்த்தார்கள் என்றான் என் பையன். “நீயும் பார்த்தியா?” “ம்.” இதற்கு என்ன சொல்வது? சொல்லை விழுங்கிவிட்டால் மட்டும் அது அறையை விட்டுப் போய்விடுவதில்லை. 2011-இல் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ‘அடிமை’ என்று போட்டு ஒரு பதிப்பே கொண்டுவந்தார்கள், அதுவும் சரியாகப் படவில்லை. நான் இதில் எந்தப் பக்கமும் இல்லை.

பிப்ரவரி 23, 2024

நேற்று முன்தினம் விட்டதை எழுதுகிறேன். 31-ஆம் அத்தியாயம். ஓடிவந்த அடிமை ஜிம் எங்கே இருக்கிறான் என்று அவனுடைய எஜமானிக்குச் சொல்லிவிட, அவனோடு படகில் வந்த சிறுவன் ஹக் கடிதம் எழுதுகிறான். எழுதியதும் பாவமெல்லாம் கழுவினது போல் லேசாக உணர்கிறான். கையில் கடிதத்தோடு யோசிக்கிறான். படகில் தன் காவல் முறையையும் சேர்த்து ஜிம் பார்த்துக்கொண்டு தன்னைத் தூங்கவிட்டது நினைவுக்கு வருகிறது. “சரி, அப்படின்னா நான் நரகத்துக்கே போறேன்” என்று கிழித்துப் போடுகிறான்.

பையன் ஒட்டுத்தாளில் எழுதியிருந்தான்: ‘இது செப்டம்பரில் வந்த அதே நரகம்.’ எட்வர்ட்ஸின் சிலந்தி! அந்தப் பிரசங்கத்தை நிஜமென்று நம்புகிற ஒரு பையன், நம்பிக்கொண்டே போகத் துணிகிறான். அடிமைமுறை தப்பு என்று அவனுக்குத் தெரிந்திருந்தால் இந்த இடத்துக்கு வலுவே இல்லை. இதை எல்லாச் சுருக்கத்திலும் தேடிப் பார்த்தேன். ‘ஹக்கின் மனசாட்சி வெல்கிறது’ என்று போட்டிருக்கிறது. அவனைப் பொறுத்தவரை மனசாட்சி தோற்றுத்தானே போகிறது?

மார்ச் 22, 2024

கவிஞர்கள் விட்மன், எமிலி டிக்கின்சன் இரண்டு பேரும் இரண்டே வாரத்தில் முடிந்துவிட்டார்கள். அநியாயம். விட்மனைப் பாரதி தமிழில் எழுதி அறிமுகம் செய்திருக்கிறார் என்று பையனுக்குச் சொன்னேன். “எந்த...” என்று ஆரம்பித்தான், புத்தகத்தையே எடுத்துக் கொடுத்துவிட்டேன். தமிழ் படிக்கத் திணறுகிறான், அது என் தப்பு.

டிக்கின்சன் ஆயிரத்து எண்ணூறு கவிதை வரை எழுதி, உயிரோடு இருந்தபோது அச்சில் வந்தது ஒரு டஜன்கூட இல்லை. கண்ட இடத்தில் எல்லாம் சின்னக் கோடு. முதலில் பதிப்பித்தவர்கள் அதையெல்லாம் சரிசெய்துவிட்டார்கள். 1955-இல்தான் கோடுகளைத் திரும்பப் போட்டுப் பதிப்பு வந்தது. “நான் கோடு போட்டா மட்டும் மார்க் குறைக்கிறாங்க” என்கிறான்.

ஏப்ரல் 14, 2024

தமிழ்ப் புத்தாண்டு. வழக்கம்போல் ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். நியூஜெர்சியிலிருந்து பாலங்களைத் தாண்டி வேன் விக் சாலையில் ஏறி, அந்தப் பெரிய இரும்பு உலக உருண்டை நிற்கும் பூங்காவைக் கடக்க வேண்டும். இருபது வருடமாகக் கடக்கிறேன். இந்த முறை பின் சீட்டிலிருந்து பையன், “அம்மா, இதுதான் சாம்பல் பள்ளத்தாக்கு” என்றான்.

வகுப்பில் இப்போது ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் கேட்ஸ்பி’ நாவல். பணக்கார வீடுகளுக்கும் நியூயார்க்குக்கும் நடுவில் ஒரு சாம்பல் மேடு வரும். வீடுகள், புகைபோக்கிகள், மனிதர்கள் எல்லாம் சாம்பலில் செய்தது போல. மேலே ஒரு கண் டாக்டரின் விளம்பரப் பலகை, முகம் இல்லாமல் வெறும் கண்கள். அது நிஜமான இடம்: குவீன்ஸின் கொரோனா பகுதியில் நகரத்து அடுப்புச் சாம்பலைக் கொட்டிய மேடு. 1939 உலகக் கண்காட்சிக்காக அதைத் திருத்திப் பூங்கா ஆக்கினார்கள். நாங்கள் தோசைக்குப் போகும் வழி.

கேன்டீனில் கூட்டம். மசாலா தோசைக்கு 40 நிமிடம். காத்திருக்கும்போது வீட்டுக்காரர், கோயில் இருக்கும் பௌன் தெருவுக்கு ஏன் அந்தப் பெயர் என்று விசாரித்தார், அவருக்கும் தொற்றிவிட்டது. ஜான் பௌன் என்பவர் தன் வீட்டில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் கூடி வழிபட இடம் கொடுத்து 1662-இல் கைதானவர். பாஸ்டனில் அதே குவேக்கர்களைத் தூக்கில் போட்டுக்கொண்டிருந்த காலம், அதாவது கடுமையான மதக் கட்டுப்பாடு கொண்ட பியூரிட்டன்கள் ஆண்ட ஹெஸ்டரின் ஊரில். பிள்ளையார் சரியான தெருவில்தான் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

மே 9, 2024

புலம்பல். கேட்ஸ்பி கட்டுரை. ‘கருத்து, சான்று, விளக்கம்’ என்று ஒரு அச்சு இருக்கிறது. ஒவ்வொரு பத்தியும் அதில் வார்த்து எடுக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவுக்குப் பயந்து வகுப்பிலேயே, பேனாவால், 50 நிமிடத்தில். பையன் எழுதியது: ‘கேட்ஸ்பி ஏங்கிப் பார்க்கும் பச்சை விளக்கு அமெரிக்கக் கனவின் குறியீடு.’ சான்றாக ஒரு வரி, பக்க எண்ணோடு. 94 மார்க். ‘எந்த வரியில்’ என்ற கேள்விக்கு இடமே வைக்காத பதில். ஆனால் இது என் 15 மார்க் பதில்! 28 வருடம் கழித்து, வேறு கையெழுத்தில். அவன் நிஜமாக யோசித்தது அந்தச் சாம்பல் மேட்டைப் பற்றி. “அதை ஏன் எழுதல?” “ரிஸ்க்மா. விளக்குன்னா அவங்களுக்கே தெரியும்.”

ஆகவே கேள்வி கேட்டவருக்கு: உங்கள் பையன் நன்றாகப் படித்தாலும் கடைசியில் கைடு எழுதக் கற்றுக்கொள்வான். ஆண்டு நடுவில் எங்கேயோ ஒரு சிலந்தியும் ஒரு ஐஸ் பாளமும் மாட்டினால் உண்டு. கணக்கு போடட்டும், அதுவும் நல்லதுதான்.

மே 10, 2024

நேற்று எழுதியது கொஞ்சம் கசப்பு. தூக்கம் இல்லை. ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டே 1940-இல் சாகும்போது இந்த நாவலின் இரண்டாம் அச்சு விற்காமல் கிடங்கில் கிடந்தது. இரண்டாம் உலகப் போரின்போது சிப்பாய்களுக்கு இலவசமாக ஒன்றரை லட்சம் பிரதிகளுக்கு மேல் கொடுத்தபிறகுதான் ஊரே படித்தது. சிப்பாய்களுக்குப் பரீட்சை வைக்கவில்லை.

ஜூலை 20, 2024

மதுரை. அம்மா வீட்டுப் பரணில் பழைய கைடு கிடைத்தது! ஐந்து பேரில் கடைசியாக வைத்திருந்தது நான்தான் போல. கரையான் பாதி. ஹெஸ்டரை நிறுத்தும் ‘தண்டனைமேடைக் காட்சிகள்’ என்ற தலைப்புக்குப் பக்கத்தில் என் கையெழுத்தில், சிவப்பு மையில்: ‘வி. இம்ப். 3 தடவை வருது.’

பையன் அதைப் பார்த்து அசந்துபோனான். “அம்மா, மேடை மூணு தடவை வர்றத நீங்க அப்பவே கவனிச்சிருக்கீங்க! ஆரம்பம், நடு, முடிவு. அதான் நாவலோட எலும்புக்கூடுன்னு எங்க டீச்சர் ஒரு வாரம் நடத்தினாங்க.” போட்டோ எடுத்து அவளுக்கு மெயில் அனுப்பிவிட்டான்.

அந்தக் கேள்வி பல்கலைக்கழகப் பரீட்சையில் மூன்று தடவை வந்திருந்தது. அதைத்தான் எழுதி வைத்திருந்தேன். அவனிடம் சொல்லவில்லை.